வைட்டமின் டப்பா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விசா வந்துவிட்டது. அனுசுயா பாஸ்போர்ட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டியதும் அவள் அப்பா பெயிண்ட் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய் அல்வா வாங்கி வந்தார். அல்வா வாங்கியதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிற மனிதர். மாதக் கடைசியில் விமானம். அயர்லாந்தில் மேற்படிப்பு. அதற்குள் பல் பார்க்க வேண்டும், கண்ணாடி இரண்டு செட் வாங்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். எல்லாம் என் தலையில்தான் விடியும். விடியட்டும். மின்வாரிய அலுவலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

இன்சூரன்ஸ்தான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

இந்த டைரியே சங்கரபாண்டி அண்ணன் கொடுத்தது. ஜனவரி பிறந்தால் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அவரிடமிருந்து ஒரு டைரி, ஒரு காலண்டர் வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவர் பெயரும் போன் நம்பரும் இருக்கும். என் வீட்டுக்காரரின் அக்கா ராசாத்தி மதினியைக் கட்டியவர். விருதுநகரில் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் பேர் வைக்கிறார்களோ இல்லையோ, அண்ணனிடம் ஒரு பாலிசி போட்டுவிடுவார்கள். வெளியாளிடம் போட்டால் அது பெரிய சண்டையில் போய் முடியும்.

அவர் மகன் அருள், அனுசுயாவுக்கு முறைமாப்பிள்ளை. பெங்களூரில் வேலை. நல்ல குணம். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் பூ வைத்துவிட்டு அனுப்புவோம் என்று மதினி இரண்டு தடவை சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பல் டாக்டர். கடைவாய்ப் பல் ஒன்று கோணலாக முளைத்திருக்கிறதாம். வெளிநாட்டில் பல்லுக்கு இன்சூரன்ஸ் பணம் தராது, பிடுங்கிவிட்டே போகட்டும் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார். "சத்து மாத்திரைதான் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து ஆட்டோ ஏறும்போது, பையை உள்ளே விட்டுவிட்டேன் என்று அனுசுயா திரும்பப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். பை முதலிலேயே அவள் தோளில் கிடந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். டாக்டரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

அந்த மயக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன், அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிரேயரில் விழுந்தாள். உதட்டில் ரத்தத்தோடும் உள்ளங்கையில் துருக்கறையோடும்தான் வீட்டுக்கு வந்தாள். பி.டி. மாஸ்டர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்திருக்கிறார். "சாப்பிடாமப் போனா சார், வெறும் மயக்கம், அதுக்கு எதுக்கு சாவி" என்று நான் போய்ச் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, இங்கே வீட்டில். மதுரை டாக்டர் காலையும் இரவும் போட மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு வருகிறாள். இரண்டு வருடமாக ஒன்றுமே இல்லை. தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேரும் அந்த டாக்டரும்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் செண்பகம் என்று ஒருத்தி இருந்தாள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அது வந்தது. அதற்கப்புறம் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வியாதியின் பேரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். கடைசிவரை அவளைப் பெண் கேட்டு யாரும் அந்த வாசற்படி ஏறவில்லை. என் பிள்ளைக்கு அந்தப் பேர் விழக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் இன்சூரன்ஸ் படிவத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் வரிசையாகப் பேனா. கோழிக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார்.

பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கேட்டு எழுதினார். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. சர்க்கரை உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, ஆஸ்துமா உண்டா, நரம்பு சம்பந்தமாக ஏதும் உண்டா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவரா என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. பேனாவை மேலிருந்து கீழே ஓடவிட்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டார்.

"நம்ம பிள்ளைக்கு என்ன வியாதி. கல்லத் தின்னாலும் செரிக்கிற வயசு."

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

அனுசுயா மட்டும் பேனாவை வாங்கவில்லை. "வாசிச்சுட்டுப் போடுறேன் மாமா" என்றாள்.

"படிச்ச பிள்ளைல. வாசிக்கட்டும், வாசிக்கட்டும்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே போனார். 

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரிய சண்டை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அங்க ரோட்டுல விழுந்தேன்னு வையி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாக. என்ன மருந்து சாப்பிடுறேன்னு பாப்பாக. வருசக்கணக்கா சாப்பிடுறேன்னு தெரிஞ்சதும் இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். அப்புறம் அப்பா கடைய விப்பாரா?"

"நீ ஏன் விழப்போற. ரெண்டு வருசமாத்தான் ஒண்ணும் இல்லையே."

"மாத்திரை போடுறதுனால இல்லம்மா."

நெட்டில் வேறு கம்பெனியில் உண்மையைச் சொல்லித் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வெளியே எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று மாமா கேட்பாரே, அதற்கு என்ன சொல்ல? படித்த பிள்ளைக்கு இந்தச் சின்ன விஷயம் புரியவில்லை.

"அருள் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரியட்டும். தெரியாமக் கட்டிக்கிட்டு, ஒருநாள் ராத்திரி அவரு பக்கத்துலயே வந்தா அப்ப என்னம்மா செய்வாரு? சாவியத் தேடுவாரா?"

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. கோபத்தில்தான் ஓங்கினேன். கோபம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தது பலித்தது. படிவத்தை என் முன்னால் தள்ளிவிட்டு, "இது உன் கையெழுத்தும்மா. என் பேருல இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பல் பிடுங்கியாயிற்று. கன்னம் வீங்கி இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. மதுரை போய் டாக்டரைப் பார்த்து, ஆறு மாதத்துக்கான மாத்திரை வாங்கி வந்தோம். அட்டைகளைக் கவரோடும் சீட்டோடும் அப்படியே கைப்பையில் வைத்துக் கொண்டு போகச் சொன்னார். ஒரு கடிதமும் தருகிறேன், அங்கே தேவைப்படும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அனுசுயா வேண்டும் என்றாள். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி மதினி வருகிறார், பொடி திரிக்கவும் பெட்டி அடுக்கவும். பெட்டியில் கை வைத்தால் ஒவ்வொரு துணியையும் உதறிப் பார்க்கிற ஆள். இந்த அட்டைகளில் மருந்தின் பேர் இந்த நீளத்துக்கு எழுதியிருக்கிறது. அண்ணன் இன்சூரன்ஸ்காரர், மருந்துப் பேரெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வைட்டமின் டப்பா வாங்கினேன். உள்ளே இருந்ததை வேறு பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, அட்டைகளைப் பிய்த்து மாத்திரைகளை டப்பாவுக்குள் கொட்டினேன். ஆறு மாத மாத்திரை கொள்ளவில்லை. கொண்டமட்டும் போட்டு, மிச்சத்தை அரிசி டின்னுக்குள் மறைத்தேன். பார்ப்பதற்கு வெள்ளை வைட்டமின் மாதிரியே இருக்கிறது. ஒரு சந்தேகமும் வராது.

அனுசுயா பார்த்துவிட்டு, கிழிந்த அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். 

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மதினி விடிந்ததும் வந்துவிட்டார். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி திரித்தோம். அருளுக்குச் சின்ன வயதில் அனுசுயா மீசை வரைந்துவிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், பூ வைத்துவிடலாம் என்றார். மனசு நிறைந்து போயிருந்தது. அனுசுயா தடுப்பூசி போட வெளியே போயிருந்தாள்.

பெட்டி அடுக்கும்போது டப்பாவை எடுத்துவிட்டார்.

"என்ன இது, தங்கம்? சத்து மாத்திரையா?"

"ஆமா மதினி. அனுக்கு."

"எனக்கும் நாலு குடு. காலெல்லாம் ஓஞ்சு போகுது. போன தடவ டாக்டரு இதத்தான் எழுதினாரு, நான்தான் வாங்கல."

அது சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவது என்றேன். வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். "ஏன், உன் மக மாத்திரையில பங்கு கேட்டா தர மாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து உள்ளங்கை நிறையக் கொட்டினார். தினமும் இரண்டு போட்டால் போதுமா என்று கேட்டார்.

நான் ஒரு காகிதத்தைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன். போதும் என்றேன்.

போனில் தேடிப் பார்த்தேன். ஒன்றிரண்டு போட்டால் கொஞ்சம் தூக்கம் வருமாம், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் போய் வைட்டமினைக் கொடுத்து அதை மாற்றி வாங்கிவிட வேண்டும். ஒன்றும் ஆகாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், இருவரும் விடியற்காலையிலேயே திருச்செந்தூர் போய்விட்டார்களாம், ஒருநாள் தங்கி வருவார்களாம். போன் செய்தேன். கோவிலில் சிக்னல் இல்லை போல.

சாயங்காலம் மதினியே கூப்பிட்டார். "தங்கம், உன் மாத்திரை நல்லா வேலை செய்யுது. பஸ்ல ஏறினது தெரியும், திருச்செந்தூர்ல உங்கண்ணன் எழுப்பினப்பதான் தெரியும். எத்தன வருசமாச்சு இப்பிடித் தூங்கி" என்றார்.

"அதப் போடாதீக மதினி. வேற நல்லதா வாங்கி வச்சிருக்கேன்."

"நல்லாத்தான இருக்கு இதே."

அண்ணன் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அனுசுயா கேட்டாள்: "டப்பாவுல குறையுதே?"

கீழே கொட்டிவிட்டது என்றேன்.

மதினி இன்னும் வரவில்லை. போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. 

ஆகஸ்ட் 20, புதன்

எங்கிருந்து ஆரம்பிக்க என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் இருக்கும்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அக்கா குளியலறையில் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். காலையில்தான் திருச்செந்தூரிலிருந்து வந்திருக்கிறார்கள். மதினி கட்டிலில் கிடந்தார். இடது மணிக்கட்டு வீங்கிக் கோணிப்போய் இருந்தது. கண் செருகியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், நாக்கு குழறியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர், அவசரமாகப் பேசினார். "பேச்சு குழறுது, ரொம்ப அசதியா இருக்காங்க. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பாத்துட்டேன், அதுல ஒண்ணும் இல்ல. பக்கவாதமா இருக்கலாம். நேரத்தக் கடத்தக்கூடாது, மதுரைக்குக் கொண்டுபோங்க." ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. சங்கரபாண்டி அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் சட்டை கசங்கி நான் பார்த்ததில்லை.

"புதுசா எதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவும் சாப்பிடுறதுதான் சார். அப்புறம் ஒரு வைட்டமின். நல்லாத் தூக்கம் வருதுன்னு நேத்துலருந்து கூட ரெண்டு போட்டா." அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான் மடித்துக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"வைட்டமின்தான, அது பரவால்ல" என்று டாக்டர் திரும்பிவிட்டார்.

அனுசுயா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். தினமும் போடுகிற மாத்திரை, அவளுக்குத் தெரியாதா. அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மதினியைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள்.  ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், மதுரைக்குப் போனால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று கூட நினைத்தேன்.

"டாக்டர்" என்றேன். "அது வைட்டமின் இல்ல. வலிப்பு மாத்திரை. என் மகளுக்கு உள்ளது. நான்தான் குடுத்தேன்."

 டாக்டர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார், பேர் கேட்டார், எத்தனை போட்டார் என்று கேட்டார். அனுசுயா தெளிவாகப் பதில் சொன்னாள். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பவில்லை, எதற்கும் மதுரையில் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்கள். மூளையில் ஒன்றும் இல்லை. மருந்தின் மயக்கம்தான், இறங்கிவிடும் என்றார்கள். சாயங்காலம் மதினி கண்ணை விழித்து நல்லபடியாகத் தண்ணீர் கேட்டார்.

 அண்ணன் பேர் போட்ட இந்தப் பக்கத்தில்தான் வலிப்பு என்ற வார்த்தையை முதல் முதலாக எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதினிக்குக் கையில் மாவுக்கட்டு. கஞ்சி கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போகலாம் என்று எழுந்தபோது சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளைக்கு நோவுன்னா மறைக்கத்தான் தோணும். அது கெடக்கட்டும். என்னன்னு தெரிஞ்சே என் கையில மடிச்சுக் குடுத்தியே தங்கம்."

 தூக்குச் சட்டியை வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூ வைப்பதாகச் சொன்ன நாள். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணன் வந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து புதுப் படிவத்தை எடுத்தார். காபி வேண்டாம் என்றார்.

"பழையத கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். அத வச்சுக்கிட்டுப் போனா இந்தப் பிள்ளைக்கு ஒரு பைசா தேறாது" என்றார். பேனா மூடியைத் திறந்தார். "நான் கேட்டிருக்கணும். முப்பது வருசமா இந்தத் தொழில் பாக்குறேன். வெளியாளா இருந்தா ஒவ்வொண்ணாக் கேட்டிருப்பேன். சொந்தப் பிள்ளைன்னு கேக்காமலே எழுதிட்டேன்."

பிறகு அனுசுயாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை, எத்தனை வேளை, எந்த டாக்டர் எல்லாம் சொன்னாள். தூக்கம் கெட்டால் வருமா என்று அவர் கேட்டார். வரலாம் மாமா என்றாள். விமானத்தில் தூங்குவாயா என்று கேட்டார். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் என் பிள்ளை தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதாம். டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் பார்ப்பார்களாம். பிரீமியம் கூடுமாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றார். போகும்போது, "மாத்திரைய அட்டையிலயே வாங்கு தாயி. டப்பாவுல வேண்டாம்" என்று அனுசுயாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அரிசி டின்னில் வைத்ததையும் சேர்த்துப் பழைய மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மதுரையில் புதிதாக வாங்கி வந்தேன். அட்டை அட்டையாக, சீட்டோடு.

ஆகஸ்ட் 28, வியாழன்

தகவல் இல்லை. பெட்டி கூடத்தில் நிற்கிறது. அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறோம். என் வீட்டுக்காரர் இன்று பேசினார். "போக முடியலேன்னா என்ன, இங்கேயே படிக்கட்டும்" என்றார். அனுசுயா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இந்த மனிதருக்கு எப்போதாவதுதான் வாய் திறக்கும், திறந்தால் இப்படித்தான்.

பயமாக இருக்கிறது. முதலிலேயே உண்மையை எழுதியிருந்தால் இந்நேரம் பதில் வந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மதியம் அண்ணன் போன். "வந்துருச்சு. அவசரச் சிகிச்சைக்கு ஒத்துக்கிட்டான்." அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். நான் அலுவலகத்திலேயே எல்லார் முன்னாலும் அழுதேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பக்கத்து சீட் விஜயலட்சுமி என்ன ஆச்சு என்றாள். என் மகளுக்கு வலிப்பு உண்டு, இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டது என்றேன். "அப்பிடியா, நல்லதாப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதுரை விமான நிலையம். சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்தார்கள். மதினியும் வந்தார், கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு. என் பக்கம் வரவில்லை. அனுசுயாவைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் திருநீறு பூசினார். அப்புறம் அத்தனை பேர் முன்னாலும் நல்ல சத்தமாகக் கேட்டார்.

"மாத்திரையக் கைப்பையில வச்சிருக்கியா? பெட்டியில போட்டுறாத."

"வச்சிருக்கேன் அத்தை."

எந்த மாத்திரை என்று ஒரு சித்தி கேட்டாள். மதினி அவளிடம் திரும்பிச் சொன்னார். தடுமாறாமல், ஊர்ப் பேரைச் சொல்கிற மாதிரி சொன்னார். 

அருள் பெங்களூரிலிருந்து வரவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

அனுசுயா பேசினாள். குளிர்கிறதாம். அறையில் கூட ஒரு மலையாளப் பெண், ஜின்சி. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஜின்சியிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். வந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், மருந்து எங்கே இருக்கிறது என்று.

"அவ என்ன சொன்னா?"

"சரின்னாம்மா. ரெண்டடுக்குக் கட்டில்ல நீ கீழ படு, நான் மேல ஏறிக்கிறேன்னா."

இதை ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

மதினிக்கு ஒரு கையால் தலை வார முடியாது. சேலை கட்ட முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் அலுவலகத்துக்கு முன்னால் போய்ச் செய்துவிட்டு வருகிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கொசுவத்தை நான் மடித்துச் செருகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பேசுவது கிடையாது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் வைத்து வாரினேன். பாதியில் திடீரென்று கேட்டார்.

"அது வந்தா என்ன செய்யணும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "எது மதினி?"

"பிள்ளைக்கு அது வந்தா. கையில சாவி குடுக்கணுமா?"

"வேண்டாம் மதினி. சாவி, இரும்பு ஒண்ணும் வேண்டாம். வாயில எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். பக்கத்துல இடிக்கிற மாதிரி எதுவும் இல்லாமப் பாத்துக்கிடணும். அதுவா நின்னுரும். நிக்கலேன்னா ஆஸ்பத்திரி." எல்லாம் அனுசுயா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவள் கிளம்புகிற வாரத்தில்தான் கேட்டுக்கொண்டேன்.

மதினி தலையை ஆட்டினார். நான் வகிடு எடுத்தேன். கோணலாகப் போயிற்று. கலைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

"ஒருக்களிச்சு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "அருள் ராத்திரி பேசுவான். அவன்கிட்டயும் சொல்லி வைக்கணும்" என்றார்.

 பின்னி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு வந்தேன்.